மலை ஓடுபாதைக்குத் திரும்பாத கிளைடர்

பிற்பகல் மூன்று இருபதுக்கு என் மகளின் வானொலித் தொடர்பு அறுந்துபோனது. எஞ்சின் இல்லாத கிளைடரில், பதினாறு வயதில், தனியாக மலைக்கு மேல் போயிருந்தாள். ஜேர்மன் பேசும் அந்த மலைக்கிராமத்தின் ஓடுபாதை வெறும் புல்வெளிதான். நான் அதன் நடுவே ஓடினேன்.

"பாதையை விட்டு வெளியே போ!" என்று பறத்தல் கழகத் தலைவர் கத்தினார்.

"என்ர பிள்ளையைக் காணேல்லை!" பதற்றத்தில் எனக்கு ஜேர்மன் வாயில் வரவில்லை; தமிழில்தான் கத்தினேன். ஆனாலும் அவருக்கு விளங்கியது.

"கிளைடரைத் தூக்கும் காற்று விழுந்திருக்கும். எங்காவது வயலில் இறங்கியிருப்பாள். இது வழமை" என்றபடி கோப்பி குடித்தார். அந்தக் கோப்பையைத் தட்டிவிட நினைத்தேன்.

வெயில் சாயும்போது ஒரு விவசாயி உழவு இயந்திரத்தில் வந்தார். பக்கத்தில் மகள், ஒரு கீறலுமில்லாமல்.

"இவள் உன்னுடையவளா? என் மேய்ச்சல் நிலத்தில் கிளைடரை இறக்கிவிட்டாள், மாடுகள் மிரண்டு காட்டுக்குள் ஓடிவிட்டன. நீயே வந்து பிடி" என்றார்.