ஏழுக்கு இரண்டு

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனியில், பேக்கிங்கில் இருக்கிறேன். போன வருடம் அங்கே நடந்த மருத்துவ முகாமில் எங்களில் பலருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. மாத்திரையோடு, அதை ஞாபகப்படுத்த ஒரு ஆப்பையும் போனில் ஏற்றிக் கொடுத்தார்கள்.

சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டு வீடு திரும்பும்போது அது பேசும். "இன்றைய மாத்திரையைச் சாப்பிட்டீர்களா?" முன்சீட்டு ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற மாத்திரை அது, வீட்டில் இருக்கும். சத்தத்தை நிறுத்த 'ஆம்' என்பதை அழுத்திவிடுவேன். பிறகு அது கேட்காது. வீட்டுக்குப் போனால் அடுப்பு வேலையில் எனக்கும் மறந்துபோகும்.

சர்க்கரை இறங்கவில்லை. ஆப்பில் ஒரு நாள் விடாமல் 'ஆம்' இருப்பதைப் பார்த்த டாக்டர், மாத்திரை இனிப் போதாது, அடுத்த தடவை ஊசி ஆரம்பிக்கலாம் என்றார். சாப்பிடாமலே 'ஆம்' அழுத்தியதை அவரிடம் சொல்ல வெட்கப்பட்டுத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்த வாரம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். ஆப் சொல்வதை நாங்கள் எந்த அளவுக்குக் கேட்கிறோம் என்று அளக்கிறாளாம். ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றிலிருந்து ஏழுக்குள் போட வேண்டும்.

பக்கத்து மேசை அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஏழாகப் போட்டார்.

"ஏட்டி, என்ன யோசனை? புள்ள வெயில்ல வந்திருக்கு. மார்க்கக் கொறச்சா வாத்தியார் வைய மாட்டாரா?"

எல்லோரும் அப்படித்தான் போட்டிருந்தார்கள். தாள்களைப் புரட்டிய பெண் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"மார்க் எனக்கில்லக்கா, ஆப்புக்கு. எங்க சரியில்லன்னு நீங்க சொன்னாத்தான மாத்த முடியும்?"

'இந்த ஆப்பினால் மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறேன்.' அந்த இடத்தில் என் பேனா நின்றது. இதிலும் ஏழு போட்டால் ஊசிக்கு நானே சம்மதித்த மாதிரி. இரண்டு போட்டேன்.

"அடிப்பாவி, ரெண்டா!" என்றார் அக்கா.

"ஏன்க்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள். டிபன்பாக்ஸைப் பார்த்துக்கொண்டே பஸ் விஷயத்தைச் சொன்னேன்.

"நான் சோறு பொங்கும்போது கத்தும். நானும் அமுக்கிட்டுத்தான் போறேன்," என்ற அக்கா, "ஏ புள்ள, என் தாளக் குடு," என்று கை நீட்டினார்.

அதற்குப் பிறகு டாக்டரிடம் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. முதலில் மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள், ஊசியைப் பிறகு பார்க்கலாம் என்றார்.

ஆப் இன்னும் பஸ்ஸில்தான் கேட்கிறது. நான் அழுத்துவதில்லை. வீடு போய்ச் சேரும்வரை கேட்டுக்கொண்டே வருகிறது.