பையில் அடங்காத பொருள்

என் நாத்தனாருக்கு ஆஸ்பத்திரியில் சிஐடி சிஸ்டர் என்று பெயர். குழந்தைகள் தோல் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக நர்ஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை; எங்களோடுதான் இருக்கிறார். குற்றம் கண்டுபிடிக்க அவருக்குத் தனியாக ஒரு புருஷன் தேவைப்படவில்லை. நான் இருந்தேன்.

தொழிலில் மட்டும் அவரை ஒன்றும் சொல்ல முடியாது. சொறிந்துகொண்டு வரும் குழந்தையை டாக்டரிடம் அனுப்புவதற்கு முன்பே தடிப்பின் வடிவத்தைப் பார்த்துவிடுவார். தொப்புளுக்குக் கீழே காசளவு சிவப்பு என்றால் பேன்ட்டின் உலோகப் பொத்தான். பாதத்தின் மேல் இரண்டு பட்டை என்றால் செருப்பு வார். "முட்டை குடுத்தேன் சிஸ்டர், அதான்" என்று ஒரு அம்மா இழுத்தபோது, "செருப்பு வார் எங்க இருக்குன்னு முட்டைக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டு வாயை அடைத்தார்.

வடிவத்தில் பிடிபடாவிட்டால் பை. குழந்தையின் தோலில் படும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்வார். ஒரு அப்பா வாசல் மிதியடியைச் சுருட்டிக்கொண்டு வந்தார். தவழும் பிள்ளை அதில்தான் குப்புறப் படுத்துத் தூங்குமாம். குற்றவாளி அதுவேதான் என்று தெரிந்ததும் நாத்தனாரின் கால் ஒரு வாரம் தரையில் படவில்லை.

இந்த லட்சணத்தில் என் மகளுக்கு ஒன்றரை வயதில் கன்னம் சிவந்தது. வலது கன்னம் மட்டும். சொரசொரவென்று, ஓயாத அரிப்பு.

விசாரணை வீட்டிலேயே தொடங்கியது. முதலில் என் சோப்பு. பிறகு என் துணி பவுடர், என் முகப்பூச்சு, என் கம்மல். கவனியுங்கள், எல்லாமே என்னுடையவை. அத்தனையையும் மாற்றியும் கன்னம் மாறவில்லை. "நீ துணிய ஒழுங்கா அலசுறதில்ல. பெத்தவளுக்கு இந்தக் கவனம்கூட இல்லன்னா எப்படி?" என்றார். அன்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். என் பிள்ளைக்கு நானேதான் கேடு என்று நம்ப ஆரம்பித்திருந்தேன்.

அந்த நேரத்தில் அவரைப் பத்து நாள் பயிற்சிக்கு வெளியூர் அனுப்பினார்கள். புண்ணியவான்கள். நான் வீம்புக்குப் பழைய சோப்பு, பழைய பவுடர், கம்மல் எல்லாவற்றையும் திரும்ப எடுத்தேன். பத்தே நாளில் கன்னம் தேறிவிட்டது.

"பாத்தியா, சோப்ப மாத்தினதும் சரியாயிடுச்சு!" என்று வந்ததும் வராததுமாகக் குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் மறுபடி சிவப்பு.

அப்போதுதான் நானும் நாத்தனாரின் கண்ணால் பார்த்தேன். அவருக்கு இடது தோளில் தீராத வலி. காலையும் மாலையும் தைலம் தேய்ப்பார். அவர் வருவதற்கு முன்பே வாசனை வந்துவிடும். குழந்தை அந்தத் தோளில்தான் அவர் கழுத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிச் சாய்வாள். தைலத்தில் அழுந்துவது வலது கன்னம்.

மறுநாள் குழந்தையையும் அவள் தோலில் படுவதெல்லாம் போட்ட பையையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் முன்னால் நாத்தனாரே ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார்.

"இவ்வளவுதானா?" என்றார் டாக்டர்.

"ஒண்ணு பையில அடங்கல, டாக்டர். இதோ நிக்கிறாங்க."

பத்து நாள் கதையைச் சொன்னேன். டாக்டர் எழுந்து வந்து நாத்தனாரின் தோளருகே முகர்ந்து பார்த்தார். "தைலத்த நிறுத்துங்க சிஸ்டர். கன்னத்துக்கு மருந்து எழுதுறேன்" என்றார். சிஐடி முகத்தில் ஈயாடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குழந்தை அவரைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேணாம்டா செல்லம். அத்தை மேல விஷம்" என்றார். இந்த நாளுக்காக நான் எத்தனை வசனம் தயார் செய்து வைத்திருந்தேன் தெரியுமா? ஒன்றும் வரவில்லை.

"தைலம்தான் விஷம், நீங்க இல்ல. குளிச்சிட்டு வந்து தூக்குங்க!" என்று கத்தினேன்.

இரண்டு வாரத்தில் கன்னம் ஆறியது. இப்போதெல்லாம் பை கேட்பதற்கு முன்பே, "குழந்தைய யார் யார் தூக்குறீங்க?" என்று அம்மாக்களிடம் கேட்கிறாராம். என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அந்தப் பழக்கம் அவர்கள் பரம்பரையிலேயே கிடையாது. தோள்வலி அப்படியே இருக்கிறது. தினமும் வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்காருகிறார். நானும் வெறுங்கையால் பிடித்துவிடுகிறேன், கொஞ்சம் அழுத்தமாகவே.