கண்ணாடிக் கடையில் நிற்கும் பொம்மை

ஊரே ராணி என்று கூப்பிடுகிறவள் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்காரி. பஸ் நிலையத்துக்கு எதிரே, மருந்துக் கடைக்கும் சாவி போடுகிறவன் கடைக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு நிற்கிறது அவள் கடை. அவளுக்கு அரண்மனையும் கிடையாது, யானையும் கிடையாது. தொழிலாளர் மன்றத்து நாடகத்தில் சம்யுக்தை வேஷம் கட்டினாள். அந்தப் பெயர் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டது.

அவளுக்கு ராஜாவாக வேஷம் கட்டியவர் என் புருஷன்.

அவருக்குச் சமைத்துப் போட்டது நான். டயர் கடையில் வேலை செய்து கிரீஸோடு வரும் சட்டையைக் கும்மிக் கும்மித் துவைத்தது நான். அவர் குறட்டையைக் கேட்டுக்கொண்டு படுத்தது நான். என்னை ஒரு நாய்கூட ராணி என்று கூப்பிட்டதில்லை. எனக்கு வாய்த்த பெயர், பொம்மை பெண்டாட்டி.

ஏனென்றால் அவருக்குப் பட்டப்பெயர் பொம்மை. யாராவது ஏதாவது கேட்டால் ஸ்பானரைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுவார். பதில் வருவதற்குள் கேட்டவன் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். "பொம்மை வந்துச்சா?", "பொம்மை சாப்பிடப் போயிருக்கு" என்றுதான் டயர் கடையில் பேசிக்கொள்வார்கள். நானும் அப்படியே பழகிவிட்டேன். இந்தப் பெயர்தான் என் குடியைக் கெடுத்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நாடகம் என்ன நாடகம் என்றால், பிருத்விராஜன் கதை. டெல்லியை ஆண்ட பெரிய வீரன். அவன்மேல் கன்னோசி ராஜாவின் மகள் சம்யுக்தைக்கு ஆசை. அப்பனுக்கோ அவனைக் கண்டால் ஆகாது. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஊர் ராஜாக்களை எல்லாம் கூப்பிட்டான், இவனை மட்டும் விட்டுவிட்டான். அதோடு விட்டானா? இவனை மாதிரியே ஒரு சிலை செய்து வாசலில் காவல்காரன் மாதிரி நிற்க வைத்தான். அவள் மாலையை எடுத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்த ராஜாக்களை எல்லாம் தாண்டிப் போய் அந்தச் சிலை கழுத்தில் போட்டாள். சிலைக்குப் பின்னால் ஒளிந்திருந்த நிஜ ராஜா பாய்ந்து வந்து அவளைக் குதிரையில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டான். இது நடந்ததா என்று கேட்டால் படித்தவர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். நடந்ததோ இல்லையோ, எங்கள் மன்றத்து மேடையில் நடந்தது.

நான் அதை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். வேலை முடித்துப் போகும்போது கூட்டம் நிரம்பி, கடைசி வரிசையில்தான் இடம். எனக்குத் தூரப் பார்வை அப்போதே சரியில்லை. மேடை வாசலில் என் புருஷன் நிற்கிறார். கிரீடம், மீசை, இடுப்பில் கத்தி, உடம்பில் நான் தைத்த துணி. அவள் தளுக்கி மினுக்கி நடந்து வருகிறாள். காகிதப் பூ மாலையை அவர் கழுத்தில் போடுகிறாள். போட்டவள் கையை எடுக்கிறாளா? இல்லை. தோளில் வைத்துக்கொண்டே வசனம் பேசுகிறாள். இந்த மனுஷன் அசையவே இல்லை. எழுந்து வந்துவிட்டேன். மிச்சக் கதையை யார் பார்த்தது?

அவர் வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"என்ன, கழுத்து குளிர்ந்துச்சா?"

"எதுக்கு?"

"அவ மாலை போட்டாளே."

"அடிப்போடி, அவ போட்டது பொம்மைக்குத்தானே."

"அதைத்தான் நானும் சொல்றேன்!"

அவர் வழக்கம் போல நின்றார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் வாழ்நாள் பூராவும் மன்னிக்கவில்லை.

அதற்கப்புறம் நாடகம் எத்தனையோ தடவை நடந்தது. நான் போகவில்லை. ஊர் பேசியது மட்டும் காதில் விழுந்தது. பால்காரி வந்து, "உங்க வீட்டுப் பொம்மை கண்ணாடிக் கடையில நிக்குதே, பாத்தீங்களா? ராஜா மாதிரி இருக்கு!" என்பாள். மருந்து வாங்கப் போனால் மருந்துக் கடைக்காரன், "பொம்மை இன்னைக்கும் ராணியம்மா கடையிலதான்" என்று பல்லைக் காட்டுவான். இவர் சாயங்காலம் வருவார். விரலிலே கறுப்பு ஒட்டியிருக்கும். கிரீஸ் கறுப்பு எனக்குத் தெரியாதா? இது வேறே. வழவழவென்று கண்மை மாதிரி. சோற்றுத் தட்டை நங்கென்று வைப்பேன்.

"யார் கண்ணுக்கு மை தீட்டிட்டு வர்றீங்க?"

"மீசைக்குத்தான்டி."

உங்களுக்கே சிரிப்பு வரும். அவருக்கு மீசையே கிடையாது.

என் கண் வருஷத்துக்கு வருஷம் மங்கியது. ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. எதிரே வருகிறவர் ஆணா பெண்ணா என்பது வாயைத் திறந்தால்தான் தெரியும். கண்ணாடி போடு, போடு என்று அவர் கெஞ்சினார். ஊரில் இருப்பது ஒரே கடை. குருடாகப் போனாலும் போவேன், அவள் கையால் என் மூக்கில் ஒன்றை மாட்டிக்கொள்ள மாட்டேன் என்றேன். அந்தப் பிருத்விராஜனையும் கடைசியில் எதிரி பிடித்துக் கண்ணைக் குருடாக்கினானாம், அவன் சத்தத்தை வைத்தே அம்பு விட்டு எதிரியைக் கொன்றானாம். அப்படியும் ஒரு கதை இருக்கிறது. எனக்கும் சத்தம் போதும் என்று இருந்துவிட்டேன்.

அவர் போய்ச் சேர்ந்தார். நின்ற மாதிரியே, டயர் கடையில், ஸ்பானரைப் பிடித்தபடி சாய்ந்தார். அவள் வந்திருந்தாள். அழுகைச் சத்தம் கேட்டது. என்னைவிடச் சத்தமாக அழுதாள் என்பதுதான் என் நினைவில் நிற்கிறது.

இப்போது எங்கே பார்த்தாலும் அதே ராஜா. டிவியில் சீரியல் ஓடுகிறது. மருமகள் அடுப்பில் இருப்பதை மறந்துவிட்டு வாயைப் பிளந்து பார்க்கிறாள். எனக்கு எல்லாம் புகை மூட்டமாகத்தான் தெரியும். ஆனால் ராஜாவாக வருகிற பையன் குரலைக் கேட்டாலே போதும்.

"இது ராஜாவா? தொண்டையில கோழி சிக்கின மாதிரி பேசறான்."

"அத்தை, அவனுக்கு எவ்ளோ ரசிகைங்க தெரியுமா? உடம்பைப் பாருங்க, கட்டு கட்டா இருக்கு."

"உன் மாமனார் ஒரு லாரி டயரை ஒத்தக் கையில உருட்டுவாரு. இவன் சைக்கிள் டயரைத் தூக்குவானா கேளு."

காலண்டரில் அவன், பள்ளிக்கூடப் பையில் அவன், செல்போன் விளையாட்டில் அவன். அதில் செத்தால் மறுபடி எழுந்துவிடுவானாம். கொடுத்து வைத்தவன்.

இந்தக் கூத்தெல்லாம் பார்த்து மன்றத்துச் செயலாளருக்கும் ஆசை வந்துவிட்டது. அந்த மனுஷன்தான் நாடகத்துக்கு அந்தக் காலத்தில் மைக் கட்டியவர். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"அண்ணி, நம்ம மன்றத்துல ஒரு விழா. சீரியல் ராஜா, படக்கதை ராஜா, காலண்டர் ராஜா, எல்லா ராஜா படமும் வைக்கறோம். நடுவுல நம்ம அண்ணன். ராணியம்மா வந்து மாலை போடறாங்க. நீங்க முன் வரிசையில உக்காரணும்."

"யாருக்கு மாலை?"

"நம்ம பொம்மைக்குத்தான்."

"செத்தும் விடமாட்டாளா அவ?"

செயலாளர் டீயை வைத்துவிட்டு எழுந்தார். நானும் எழுந்தேன். மாலை போடுகிறவள் நானாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாலையே கிடையாது. அதை அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருவது என்று கிளம்பினேன்.

கடைக் கதவைத் தள்ளியதும் என் கால் நின்றுவிட்டது. வலது பக்கம், கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில், அவர் நிற்கிறார். கிரீடம், மீசை, இடுப்பில் கத்தி. மங்கலாகத்தான் தெரிகிறது, ஆனால் புருஷனைத் தெரியாதா?

"நீங்க இங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டேவிட்டேன். பழக்க தோஷம்.

கிட்டே போய்த் தோளைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. தட்டினேன். டொக் டொக் என்றது.

"மெதுவா அக்கா. பிளாஸ்டர். பழசு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ராணி.

"இது என்னது?"

"பொம்மை அக்கா. நம்ம நாடகத்துப் பொம்மை. போர்டு எழுதறவர் அண்ணன் முகத்துலயே அச்சு எடுத்துச் செஞ்சாரே. மன்றத்துல கரையான் ஏறுதுன்னு இங்க கொண்டு வந்து வெச்சோம். அண்ணன்தான் அப்பப்ப வந்து மீசைக்குக் கறுப்பு அடிச்சுட்டுப் போவாரு."

பால்காரி சொன்ன பொம்மை, மருந்துக் கடைக்காரன் சொன்ன பொம்மை, அவர் சொன்ன பொம்மை, மேடையில் மாலை வாங்கிய பொம்மை, எல்லாம் இந்தப் பொம்மை. நான் ஒரு ஆயுசு பூராவும் பிளாஸ்டரைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

அதற்காக விட்டுவிட முடியுமா?

"மேடையில ராஜா, கீழ வந்தா அண்ணனா?" என்றேன்.

"அண்ணன்தான். ஒத்திகையிலகூட கடைசி வரிசையைப் பாத்துட்டே நிப்பாரு. நீங்க வருவீங்களாம். நான் வசனம் சொல்லி முடிச்சு, தண்ணி குடிச்சு, மறுபடி சொன்னாலும் இவர் வாயைத் திறக்க மாட்டாரு. என் உசிரை எடுத்தவரு." சிரித்தாள். "என்னை எவன் அப்படித் தேடினான் சொல்லுங்க? ஊருக்குத்தான் ராணி. சாயங்காலம் ஷட்டரை இழுத்தா நானும் இந்தப் பொம்மையும்தான்."

"இது மூக்குல எதுக்குக் கண்ணாடி மாட்டியிருக்கே?"

"விளம்பரம். ராஜா போட்டிருக்கற ஃப்ரேம் குடுங்கன்னு கேட்டு வாங்கறாங்க."

அவள் கேட்காமலேயே என்னைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். கனமான இரும்புச் சட்டத்தை மூக்கில் மாட்டி வட்டக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டாள். "இது தெளிவா, இது தெளிவா?" ஏதோ ஒன்றைப் போட்டதும் உலகம் டக்கென்று எழுந்து வந்து முன்னால் நின்றது. முதலில் அவள் முகத்தைப் பார்த்தேன். சுருக்கம், தொங்கின கன்னம், முன் பல் ஒன்று இல்லை. அப்படி ஒரு நிம்மதி!

பிறகு பொம்மையைப் பார்த்தேன். நிம்மதி போய்விட்டது. நான் கட்டிக்கொண்ட வயசில் நின்றார் அவர். என்னிடம் ஒரு நல்ல போட்டோகூட இல்லை. இவளிடம் முழு ஆளே இருந்திருக்கிறார், மழைக்கும் வெயிலுக்கும் இவள் கூரைக்குள்.

"இதை நான் எடுத்துட்டுப் போறேன்."

"விழாவுக்கு வேணுமே அக்கா."

"விழாவுக்கு அந்தச் சீரியல்காரனை நிக்க வையி. ராஜா கதையே தூக்கிட்டுப் போற கதைதானே? நான் தூக்கறேன்."

அவள் முகம் விழுந்துவிட்டது. மாட்டியிருந்த இரும்புச் சட்டத்தில் அதுவும் நன்றாகத் தெரிந்தது. ஆனால் தடுக்கவில்லை. பொம்மை மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றினாள். ஒரு துணியால் அதன் முகத்தைத் துடைத்தாள். துடைக்க வேண்டிய நேரத்தைவிட அதிக நேரம் துடைத்தாள். டயர் கடை வண்டியை வரச் சொல்லி, பழைய டயர்களுக்கு நடுவில் அவரை நிறுத்தி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

விழாவுக்கு என் கண்ணாடி தயாராகிவிட்டது. முன் வரிசையில் உட்கார்ந்தேன். மேடை நடுவில் சீரியல் பையனை அட்டையில் வெட்டி நிறுத்தியிருந்தார்கள். செயலாளர் மைக்கில் கூப்பிட, ராணி காகிதப் பூ மாலையோடு வந்தாள். அதே நடைதான், கொஞ்சம் நொண்டல் சேர்ந்திருந்தது. அட்டைக்கு முன்னால் வந்து நின்று ஏற இறங்கப் பார்த்தாள்.

"எனக்கு அட்டைக்கெல்லாம் மாலை போட்டுப் பழக்கமில்லைங்க," என்றாள் மைக்கில். சனம் சிரித்தது.

படியிறங்கி நேரே வந்து மாலையை என் மடியில் வைத்தாள். குனிந்து எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"இடது பக்கம் கழுத்துல பெயிண்ட் உரிஞ்சிருக்கும் அக்கா. அங்க படாம, மெதுவாப் போடுங்க."

வீட்டுக்கு வந்து பார்த்தேன். இடது பக்கம், காதுக்குக் கீழே, உரிந்துதான் இருந்தது. நாடகம் நின்று எவ்வளவோ காலம் ஆயிற்று, இந்த உரிசல் புதுசு. நாடகமே இல்லாத நாளில் யார் மாலை போட்டது என்று நான் அவளைக் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள், அவள் அப்படிப்பட்டவள். அவள் சொன்னபடியே அந்த இடத்தில் படாமல்தான் போட்டேன். அதுதான் இன்னும் எரிகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. பொம்மையின் தலை நேராக இல்லை, கொஞ்சம் இடது பக்கம் திரும்பியிருக்கிறது. சம்யுக்தை மேடைக்கு இடது பக்கமிருந்து வருவாள், அதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். என் நாற்காலிக்கு எதிரே வைத்தால் பார்வை என்னைத் தாண்டித் தெருவுக்குப் போகிறது. மூலையில் வைத்தேன், அலமாரியைப் பார்த்தது. சமையலறை வாசலில் வைத்தேன், மருமகளைப் பார்த்தது, அவள் பயந்து கத்தினாள். என்ன திருப்பியும் என்னை மட்டும் பார்க்க மாட்டேன் என்கிறார்.

"நீங்க எப்பவும் இப்படித்தான்," என்று திட்டினேன்.

வழக்கம் போல நின்றார். கடைசியில் நான்தான் நாற்காலியைத் தூக்கி இடது பக்கம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.