என் தம்பி சேர்த்து வைத்த நானூற்றுப் பன்னிரண்டு பொட்டலங்கள்

என் தம்பி ஸ்ரீஸ்கந்தராஜா எதையும் தூக்கிப் போடமாட்டான். பள்ளிக்கூடத்து அடையாள அட்டை முதல் பழுதான ரேடியோவின் திருகாணி வரை, பட்டர்வொர்த்தை ஒட்டிய பாகான் டாலாம் வீட்டில் அவனுடைய அலமாரியைத் திறந்தால் இன்றும் கிடைக்கும். நான் அதற்கு நேர்மாறு. பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை ஒன்றின் ஸ்டோர் பிரிவில் பதினேழு வருடம் வேலை பார்த்தேன். உதிரிபாகம் உற்பத்தி லைனுக்குப் போய்விட்டால் அது வந்த பெட்டி ஷிப்ட் முடிவதற்குள் குப்பைக்குப் போயிருக்க வேண்டும். காலிப் பெட்டி மேசையில் கிடந்தால், அடுத்த ஷிப்டுக்காரி அதில் சரக்கு இருப்பதாக எண்ணிவிடுவாள். இந்த ஒழுங்குக்காக எனக்கு இரண்டு முறை நற்சான்றிதழ் தந்திருக்கிறார்கள்.

நான் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள். ராஜா பாலிடெக்னிக் வரை படித்தான். கணினியைப் பற்றி எங்கள் வட்டாரத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவனைத்தான் தேடி வருவார்கள். ஆனாலும் இருபத்தொன்பது வயது வரை அவனுக்கு நிரந்தர வேலை அமையவில்லை. 1999இல்தான் கடலுக்கு அக்கரையில், வெல்ட் கீயில், கப்பலுக்குச் சரக்கு அனுப்பும் ஒரு சிறிய ஏஜென்சியில் இடம் கிடைத்தது. முதலாளி கமாலுதீன், சூலியா தெருவில் பிறந்து வளர்ந்தவர். அங்கே ஏழு மேசை, ஏழிலும் பழைய கணினிகள், வாரத்துக்கு ஒன்று படுத்துவிடும். ராஜா தன் அறையில் இருந்த கணினியையே கொண்டுபோய் வைத்து, அதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டு, ஏழு மேசைகளையும் அதனோடு இணைத்தான். கடிதங்கள், கப்பல் பத்திரங்கள், அச்சு, எல்லாம் அந்த ஒரே பெட்டி வழியாகத்தான்.

“மூணு மாசம் பார்ப்போம் தம்பி. நவம்பர் கடைசியில உன் பெட்டி தாக்குப்பிடிச்சு நின்னா நீயும் நிக்கலாம். அது படுத்தா நீயும் வீட்டுக்குப் போய்ப் படு லா,” என்று கமாலுதீன் சிரித்துக்கொண்டே சொன்னாராம். சொன்னதை அவர் மாற்றுகிறவர் இல்லை என்று ராஜாவுக்குத் தெரியும்.

லினக்ஸில் ஒவ்வொரு புரோகிராமும் ஒரு பொட்டலமாக வரும் என்று ராஜா எனக்கு விளக்கியிருக்கிறான். எங்கேயோ வெளிநாட்டில் இருக்கும் கணினியிலிருந்து டெலிபோன் லைன் வழியாக இறங்கி, முதலில் ஒரு கிடங்கில் தங்கும். அந்தக் கிடங்குக்குக் கேஷ் என்று பெயர். பிறகுதான் பொட்டலம் பிரிக்கப்பட்டு, உள்ளே இருப்பது அதனதன் இடத்துக்குப் போகும். பிரித்த பிறகும் பொட்டலம் கிடங்கிலேயே கிடக்கும். யாராவது அழித்தால்தான் போகும்.

ராஜா அழிக்கவில்லை. மழை பெய்தால் லைன் அறுந்துவிடும் ஊரில், ஒரு பொட்டலம் இறங்கச் சில சமயம் ஒரு மணி நேரம் பிடிக்கும். “அதை எப்படிக்கா அழிக்க மனசு வரும்? நாளைக்குத் திரும்ப வேணும்னா?” என்பான். எந்தப் பொட்டலம் எத்தனை முறை அறுந்து அறுந்து வந்தது என்பதுகூட அவனுக்கு நினைவிருக்கும்.

நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை மாலை, அச்சு வேலைக்கான புரோகிராம்களைப் புதுப்பிக்கச் சொல்லி ஓடவிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். மறுநாள் காலை எட்டரைக்கு டெலிபோன் அடித்தது. அந்த அலுவலகத்தில் பத்திரங்களைத் தயாரிக்கும் நோர்மா பேசினாள். “அக்கா, ராஜாவைக் கூப்பிடுங்க. எல்லாம் ஜேமாகி நின்னுடுச்சு. பிரிண்ட் இல்ல, ஈமெயில் இல்ல. பாஸ் முகம் செவந்து போச்சு.”

அவன் ஒரு வாய் டீகூடக் குடிக்காமல் ஓடினான். எனக்கு அன்று விடுமுறை. இடியாப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு கடலைக் கடக்கும் ஃபெரியில் போனேன். பதினொரு மணிக்கு மாடி ஏறினால், ராஜா சட்டை முதுகெல்லாம் நனைந்து திரை முன்னால் உட்கார்ந்திருந்தான். கமாலுதீன் டெலிபோனில் யாரையோ கெஞ்சிக்கொண்டிருந்தார். ஆறு கண்டெய்னர்களுக்கான பத்திரங்கள் மூன்று மணிக்குள் துறைமுகத்துக்குப் போகவேண்டும். போகாவிட்டால் கண்டெய்னர்களை விட்டுவிட்டுக் கப்பல் கிளம்பிவிடும்.

“வாங்கக்கா,” என்றார் ரிசீவரை வைத்துவிட்டு. “உங்க தம்பி பெட்டிக்கு வயித்து உப்பிசமாம். நீங்களாச்சும் ஓமத் தண்ணி கொண்டாந்தீங்களா?”

நோர்மா சிரித்தாள். ராஜா சிரிக்கவில்லை. என்ன ஆயிற்று என்று தாழ்ந்த குரலில் கேட்டேன்.

“கேஷ் நிரம்பிடுச்சுக்கா. நூறு மெகாபைட் இடம். அதே இடத்துலதான் ஈமெயிலும் வந்து இறங்கணும், அச்சுக்குப் போறதும் வரிசையில நிக்கணும். பொட்டலம் மட்டும் தொண்ணூத்தி ரெண்டு பிடிச்சிருக்கு. ராத்திரி புதுசா எறங்கினதுல மிச்சமும் போச்சு.”

“பழசை எடுத்துப் போடேன்.”

“பழசை மட்டும் பார்த்து எடுக்க ஒரு கட்டளை இருக்கு. ஆனா அது வேலை செய்யவே கொஞ்சம் இடம் கேட்குது. முழுசா அழிக்க இன்னொரு கட்டளை இருக்கு. அது வேணாம். முதல்ல ஒவ்வொண்ணா எழுதிப் பார்த்துட்டு, பிறகுதான் கை வைக்கணும்.”

மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. அவன் பெயரைப் படித்தான், நான் தாளில் எழுதினேன். ஒரே பெயரில் பழையதும் புதியதும் இருந்தால் பழையதற்கு எதிரே ஒரு கோடு. ஸ்டோரில் சரக்குக் கணக்கெடுப்பது போலத்தான், எனக்குக் கஷ்டமாக இல்லை. ஆனால் பன்னிரண்டே காலுக்கு நாங்கள் நூற்று நாற்பதைத்தான் தாண்டியிருந்தோம். கமாலுதீன் இரண்டு தரம் வந்து தாளை எட்டிப் பார்த்தார். மூன்றாவது தரம் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

எனக்குப் பொறுக்கவில்லை.

“ராஜா, இதெல்லாம் பிரிச்சு உள்ளே போனதுதானே?”

“போனதுதான்.”

“அப்ப இது வெறும் பெட்டி. எங்க லைன்ல இப்படி ஒண்ணொண்ணா பொறுக்கிக்கிட்டு நின்னா சூப்பர்வைசர் சத்தம் போடுவா. சரக்கு உள்ளே போயாச்சுன்னா பெட்டி குப்பைக்கு. அந்த முழுசா அழிக்கிறதைப் போடு. நேரத்தைப் பாரு.”

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். காலையிலிருந்து சாப்பிடாத முகம். “சரிக்கா,” என்று சொல்லிவிட்டு, இரண்டே சொல் அடித்து விசையைத் தட்டினான். மூன்று நொடிகூட ஆகவில்லை. மூன்று மாதம் சேர்த்தது போயிற்று.

உடனே தேங்கி நின்ற ஈமெயில்கள் வரிசையாக வந்து விழுந்தன. “வந்துடுச்சு! வந்துடுச்சு!” என்று நோர்மா கை தட்டினாள். கமாலுதீன் ராஜாவின் தோளைத் தட்டி, “சொதி வாசனைக்கே பெட்டி எழுந்துடுச்சு லா!” என்றார். நான் தாளை மடித்துக் கைப்பையில் வைத்தேன். எனக்கு அப்போது எவ்வளவு பெருமையாக இருந்தது என்று இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

பிறகு நோர்மா முதல் பத்திரத்தை அச்சுக்கு அனுப்பினாள். பிரிண்டர் அசையவில்லை.

ராஜா ஏதோ அடித்தான். திரையில் மூன்று வரி வந்தது. அதைப் பார்த்ததும் அவன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டான்.

“மூணு மட்டும் பிரிக்கலைக்கா,” என்றான். “ராத்திரி அச்சுக்குன்னு எறங்கின மூணு. பழைய புரோகிராமை எடுத்துட்டு, புதுசைப் பிரிக்கிறப்போதான் இடம் தீர்ந்து பாதியில நின்னிருக்கு. அந்த மூணும் நாம அழிச்ச கேஷ்லதான் இருந்துச்சு.”

நானூற்றுப் பன்னிரண்டில் நானூற்று ஒன்பது காலிப் பெட்டிகள். மூன்றில் சரக்கு இருந்தது. அதை நான் குப்பைக்கு அனுப்பச் சொன்னேன்.

மூன்றும் சேர்த்து நான்கு மெகாபைட். திரும்ப இறக்க வேண்டும். வெளியே மழை பிடித்துவிட்டது. மோடம் கீச்சிட்டு, இணைந்து, ஆமை போல நகர்ந்தது. அலுவலகத்துக்கு இருந்தது ஒரே லைன். துறைமுகத்துக்குப் பேசக் கமாலுதீன் தன் அறையில் ரிசீவரைத் தூக்கினார். லைன் அறுந்தது.

“அண்ணே, கொஞ்சம் போனை எடுக்காம இருங்க.”

“நான் பேசாம வாயைக் கட்டிக்கிட்டா கப்பல் நிக்குமா தம்பி?”

இன்னும் இரண்டு முறை அப்படியே ஆயிற்று. ஒன்றேகால் மணிக்குக் கமாலுதீன் ஸ்டோர் அறையிலிருந்து பழைய டைப்ரைட்டரைத் தூக்கிக்கொண்டுவந்து நோர்மாவின் மேசையில் வைத்தார். சிரிப்பு நின்றுபோயிருந்தது. ஒரு பத்திரம் அடிக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும் என்று நோர்மா என் காதில் சொன்னாள்.

“வீட்ல ஒரு சிடி இருக்குக்கா,” என்றான் ராஜா திடீரென்று. “அலமாரியில, மேல் தட்டு, மஞ்சள் உறை. அதுல இந்த மூணோட பழைய பதிப்பு இருக்கும். அதைப் போட்டாலே அச்சு வந்துடும்.”

நான் குடைகூட எடுக்காமல் இறங்கினேன். ஃபெரித் துறையில் கூட்டம். ஒரு ஃபெரி நிரம்பிப் போய்விட்டது, அடுத்ததில் ஏறினேன். கடலில் அது நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியாத மழை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்பதைத் தவிர நான் செய்ய ஒன்றுமில்லை. பாகான் டாலாமில் அலமாரியைத் திறந்தேன். அவன் எதையும் தூக்கிப் போடாதவன் என்பதால் மஞ்சள் உறை அவன் சொன்ன இடத்திலேயே இருந்தது. எத்தனையோ முறை அந்த அலமாரியைச் சுத்தம் செய்யப்போய் அவனோடு சண்டை போட்டிருக்கிறேன். சிடியை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

மாடி ஏறும்போது மூன்று இருபத்தைந்து.

மோடத்தில் ஒரு பொட்டலம்கூட முழுதாக இறங்கியிருக்கவில்லை. நோர்மா டைப்ரைட்டர்மேல் கைகளை வைத்து உட்கார்ந்திருந்தாள். நான்கு பத்திரங்கள் போய்விட்டன. இரண்டு போகவில்லை. இரண்டு கண்டெய்னர்கள் கரையிலேயே நின்றுவிட்டன. ராஜா சிடியை வாங்கிப் பெட்டியில் போட்டான். ஆறு நிமிடம். பிரிண்டர் கரகரவென்று ஓடி, காலையிலிருந்து காத்திருந்த பத்திரங்களை ஒவ்வொன்றாகத் துப்பியது. யாரும் அதை எடுக்கவில்லை.

கமாலுதீன் அறையிலிருந்து வந்து முதல் தாளை எடுத்துப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு,” என்றார். சத்தம் போடவில்லை. “திங்கக்கிழமை ஒரு கம்பெனி ஆளு வர்றான் தம்பி. அவங்க பெட்டியைப் போட்டுப்பாங்க. உன்னைத் தப்பு சொல்லலை. ஆனா சரக்கு குடுத்த அந்த ரெண்டு பார்ட்டிக்கும் நான் பதில் சொல்லணும். ஏன் அழிச்சே? அது தெரியணும் எனக்கு.”

நான் வாய் திறந்தேன். “அண்ணே, அது வந்து...”

“அவசரப்பட்டுட்டேன் அண்ணே,” என்றான் ராஜா, என்னைப் பார்க்காமலே. “நான்தான் பார்த்திருக்கணும்.”

அவர் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தாளை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

பெட்டி ராஜாவுடையது. வயர்களைக் கழற்றுவதற்கு முன் அவன் எல்லாக் கடிதங்களையும் பத்திரங்களையும் நோர்மாவுக்கு எடுத்துக் கொடுத்து, எது எங்கே இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதியும் வைத்தான். அதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் பக்கத்தில் நின்றேன். இடியாப்பம் கட்டியபடியே இருந்தது.

ஃபெரியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மழை விட்டிருந்தது. பாதிக் கடலில், “நான் சொன்னதுன்னு சொல்லியிருக்கலாம்ல?” என்று கேட்டேன்.

“சொல்லி?”

அவன் மடியிலிருந்து சரிந்த பெட்டியைப் பிடித்து நேராக வைத்தேன்.

“அந்தத் தாள் இருக்காக்கா? நாம எழுதினது?” என்றான்.

கைப்பையிலிருந்து எடுத்தேன். மழையில் நனைந்து மடிப்புகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவன் மெதுவாகப் பிரித்து, நூற்று நாற்பத்து மூன்று பெயர்களையும் என் கோடுகளையும் பார்த்தான். பிறகு காய்வதற்காக அதைப் பெட்டியின்மேல் விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். பட்டர்வொர்த் வந்து சேரும் வரை கையை எடுக்கவில்லை.