மேங் சாரின் பதினெட்டாம் நம்பர்

தென்கொரியாவின் சாங்வோன் நகரில் எங்கள் குடியிருப்பின் பன்னிரண்டாம் மாடி முழுக்க லாவண்டர் மணம் வீசினால், பக்கத்து வீட்டு மேங் க்யூ-ஷிக் அடுப்படியில் நிற்கிறார் என்று அர்த்தம். மனிதர் பேரிங் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் தரப் பரிசோதனை மேலாளர். தலைமுடி அளவு கோணல் இருந்தாலும் பெட்டியோடு திருப்பி அனுப்பியவர். ஓய்வு பெற்ற மறு வாரமே மெழுகுவர்த்தி வகுப்பில் சேர்ந்தார். அதன் சான்றிதழ் இப்போது அவர்கள் கல்யாணப் போட்டோ இருந்த ஆணியில் தொங்குகிறது.

வெப்பமானி மட்டும் இரண்டு வைத்திருக்கிறார். ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்குமாம். மனைவி ஓக்-பூனின் சூப் பானையில் தண்ணீர் கொதிக்கும்; அதற்குள் மூக்கு வைத்த எஃகுக் குவளையை இறக்கி சோயா மெழுகை உருக்குவார். எழுபது டிகிரியில் வாசனை எண்ணெய், ஐம்பத்தைந்தில் கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றுவது. திரி நடுவில் நேராக நிற்க, ஓட்டல் சாப்பாட்டோடு வரும் மரக்குச்சிகளைக் குப்பியின் வாயில் குறுக்கே வைத்து இடுக்குவார். மெழுகு இறுகும்வரை வீட்டில் யாரும் தும்மக்கூடாது.

"ஏங்க, என் பானைய எப்பத்தான் விடுவீங்க? சூப்ப நூடுல்ஸ் சட்டியில வைக்கிறேன். அதுலயும் லாவண்டர்தான் மணக்குது!"

"சும்மா இரு. ஐம்பத்தாறுல நிக்குது."

இரண்டு வாரம் ஆறவைத்து, அடியில் நம்பர் ஒட்டி, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தார். கூடவே பதினான்கு விதிகள் அச்சடித்த தாள். திரியை ஐந்து மில்லிமீட்டருக்கு நறுக்க வேண்டும். முதல்முறை ஏற்றினால், மெழுகு உருகிக் கண்ணாடியைத் தொடும்வரை இரண்டு மணி நேரம் அணைக்கக்கூடாது. பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒரு மெழுகுவர்த்திக்குக் காவல் இருக்க இங்கே யாருக்கு நேரம்?

ஆனால் லிஃப்டில் மாட்டிக்கொண்டால் தப்ப முடியாது.

"ஏத்திப் பாத்தீங்களா?"

"ஆஹா, என்ன வாசனை சார்!"

"குறை ஏதாச்சும்?"

"குறையா! யாராச்சும் சொல்லுவாங்களா?"

அப்போதெல்லாம் அவர் முகம் வாடிப்போகும். நான் அதை அடக்கம் என்று நினைத்தேன்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை ஒன்பதாம் மாடியில் புதிதாகக் குடிவந்த தம்பதி மதிய விருந்து கொடுத்தார்கள். புது வீட்டுக்கு மெழுகுவர்த்தி கொடுத்தால் அதிர்ஷ்டம் தீயாகப் பற்றிக்கொள்ளும் என்பது எங்கள் நம்பிக்கை. டிஷ்யூ கட்டு கொடுப்பதும் வழக்கம்தான்; நான் அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன். மேசையில் ஆறு பரிசுகள், ஆறு விதக் காகிதத்தில். அந்தப் பெண் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஆறும் மேங் சாரின் மெழுகுவர்த்தி.

"எல்லாரும் பேசி வச்சு ஒரே கடையில வாங்கினீங்களா?" என்று அவள் சிரித்தாள்.

மேங் எழுந்து போய் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு திரிகூடக் கறுக்கவில்லை.

"பதினொன்னு. மின்-ஜே அம்மா, இது ராத்திரி பூரா ஜோரா எரிஞ்சுதுன்னு சொன்னீங்களே?"

மின்-ஜே அம்மாவுக்கு அந்த நேரம் பார்த்துத் தட்டிலிருந்த நூடுல்ஸ்மேல் பெரிய அக்கறை பிறந்தது. நாங்கள் யாருமே தலை நிமிரவில்லை. ஓக்-பூன் மட்டும் கணவரின் முதுகைப் பார்த்தபடி இருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

"இங்க வந்தவங்களுக்குக் குடுத்ததுல பதினெட்டு மட்டும் இல்ல," என்றவர் என் பக்கம் திரும்பி இடுப்பு வளைய வணங்கினார். "சோயுல் அம்மா, நீங்க ஒருத்தர்தான் நிஜமா ஏத்தியிருக்கீங்க."

பதினெட்டு என் செருப்பு அலமாரியில், மழை பூட்ஸுக்குப் பின்னால் கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்துத் துடைத்து, திரியை நறுக்கி ஏற்றினேன். சுடர் நேராகக் கீழே ஒரு குழி தோண்டிக்கொண்டு இறங்கியது. சுற்றிலும் மெழுகு சுவராக அப்படியே நின்றது. நாற்பதாவது நிமிடம் தன் மெழுகிலேயே மூழ்கி அணைந்தது. இதைத்தான் எட்டு மாதமாக வாய் கூசாமல் புகழ்ந்திருக்கிறோம்.

மறுநாள் காலை லிஃப்டில் மேங். பக்கத்தில் மின்-ஜே அம்மா.

"சோயுல் அம்மா, எப்படி எரிஞ்சுது?"

'ஆஹா' நுனிநாக்குவரை வந்துவிட்டது.

"மோசம் சார். நேத்துதான் ஏத்தினேன். குழி விழுந்து அணைஞ்சுபோச்சு."

மின்-ஜே அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். மேங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"எத்தனாவது நிமிஷம்?"

"நாப்பது."

"குழி எவ்ளோ அகலம்?"

"ஒரு காசு அளவு."

"திரி மெலிசு!" என்று லிஃப்ட் அதிரக் கத்தினார். "எட்டு மாசமா ஒருத்தர் வாயத் திறக்கலியே! நானே ஏத்திப் பாத்தா என் கண்ணு எனக்குப் பரிஞ்சு பேசுமேன்னுதானே உங்க கையில குடுத்தேன்!" கீழ்த்தளம் வந்தது. அவர் இறங்காமல் மறுபடி பன்னிரண்டை அழுத்தினார்.

இரண்டு வாரம் கழித்து என் வீட்டு மணி அடித்தது. தட்டில் எட்டு மெழுகுவர்த்திகள், எட்டுப் பருமனில் திரி. கூடவே ஒரு தாள். அதில் 'குறைகள்' என்ற கட்டம்தான் பக்கம் முழுக்க.

"ஒவ்வொன்னும் ரெண்டு மணி நேரம். உங்களத்தான் நம்பியிருக்கேன்."

பதினாறு மணி நேரம். உண்மை பேசினால் எங்கள் குடியிருப்பில் கிடைக்கும் தண்டனை இதுதான். திட்டிக்கொண்டேதான் உட்கார்ந்தேன். ஐந்தாவது மெழுகுவர்த்தியின் மெழுகு, தொண்ணூறாவது நிமிடத்தில் சுற்றிலும் கண்ணாடியைத் தொட்டது. செருப்புக்கூட மாட்டாமல் ஓடிப்போய் அவர் கதவைத் தட்டினேன்.