நெய் ஆகாது என்று சொன்னவள்

பத்தியம் இல்லாத மருந்தை எங்கள் பக்கத்து ஜனங்கள் மருந்தாகவே மதிக்க மாட்டார்கள். மாத்திரையைக் கையில் வாங்கியதும் எத்தனை வேளை என்று கேட்பதற்கு முன்னால் "பத்தியம் என்னங்க?" என்றுதான் கேட்பார்கள். ஒன்றுமில்லை, எல்லாம் சாப்பிடலாம் என்று சொன்னால் முகம் தொங்கிவிடும். இவளுக்கு வேலை தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டே போவார்கள்.

நான் சேலம் டவுனில் பிறந்த கிறிஸ்தவப் பெண். நர்சிங் முடித்து, அறுபதுகளின் தொடக்கத்தில் மல்லசமுத்திரம் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். வாரத்துக்கு இரண்டு நாள் சேலத்திலிருந்து ஒரு டாக்டரம்மா வருவார். மற்ற நாட்களில் நானும் கம்பவுண்டரும்தான். என்னைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் முந்தும். யார் எதைக் கேட்டாலும் "தெரியாது" என்ற சொல் மட்டும் என் வாயில் வராது. அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கே எங்களுக்குத் தினப்படி வேலை கொக்கிப்புழுதான். வெறுங்காலோடு வயல்காட்டில் நடக்கிற ஜனங்கள். புழு பாதத்தின் வழியாக உள்ளே போய்க் குடலில் பிடித்துக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கும். வெளிறிப்போன முகத்தோடு, நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று வந்து நிற்பார்கள். அதற்கு அன்றைக்கு டெட்ராகுளோர்எதிலீன் என்று ஒரு மருந்து இருந்தது. காலையில் வெறும் வயிற்றில் கொடுப்போம். முதல் நாளே எண்ணெய், நெய், பால் எதுவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். கொழுப்போடு சேர்ந்தால் மருந்து குடலில் நின்று புழுவை அடிப்பதை விட்டுவிட்டு ரத்தத்தில் ஏறிவிடும். தலை சுற்றும், ஈரலையும் கெடுக்கும். சாராயமும் ஆகாது. மதுவிலக்கு இருந்த காலம்தான். ஆனாலும் கேட்போம். "ஐயோ, அதெல்லாம் இல்லீங்க" என்று சத்தியம் செய்பவரின் வாய் வாடையே வேறு கதை சொல்லும். அவரை மறுநாள் வரச் சொல்லி அனுப்பிவிடுவோம்.

"எண்ணெய், நெய், பால் ஆகாது." இதை ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. ஜெபமாலை மாதிரி நாக்கில் தானாக உருண்டுகொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பண்ணையக்காரக் குடும்பத்து அம்மாள் தன் ஒன்பது வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பெண்ணின் தலையில் ரூபாய்க் காசு அளவில் வட்டங்கள். முடி அடியோடு ஒடிந்து, செதில் செதிலாக இருந்தது. வேப்பெண்ணெய், வசம்பு, நாங்கள் கொடுத்த களிம்பு எல்லாவற்றையும் பார்த்துவிட்ட தலை அது. பள்ளிக்கூடத்தில் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை என்று பெண் பள்ளிக்கூடத்தையே விட்டுவிட்டாள். டாக்டரம்மா நாலு முடியைப் பிடுங்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, பூஞ்சைப் படை என்றார். களிம்பு மேலோடு நின்றுவிடும், வேருக்குப் போகாது. க்ரிசியோஃபல்வின் என்று புது மாத்திரை வந்திருக்கிறது, அது உள்ளுக்குள்ளிருந்து முடி வேருக்குப் போகும் என்று சொல்லி எழுதிக் கொடுத்தார். பெண்ணின் அப்பா சேலம் போய்ப் பெட்டியோடு வாங்கி வந்து எங்கள் அலமாரியில் வைக்கக் கொடுத்தார். முடியை ஒட்ட வெட்டி, மாத்திரையை ஆரம்பித்தோம்.

டாக்டரம்மா சொன்னது "சாப்பாட்டுக்குப் பிறகு" என்பது மட்டும்தான். அவர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனதும் அந்த அம்மாள் என்னிடம் வந்தாள்.

"பத்தியம் ஏதாச்சும் உண்டுங்களா, நர்சம்மா?"

நான் யோசிக்கவே இல்லை. "எண்ணெய், நெய், பால் ஆகாது. மாத்திரை முடியிற வரைக்கும்" என்றேன்.

அந்த அம்மாளின் முகம் தெளிந்தது. சரியான ஆஸ்பத்திரிக்குத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பாள். எனக்கும் பெருமைதான்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தார்கள். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, என்னை முறைத்துக்கொண்டே வருவாள் அந்தப் பெண். ஒரு மாதம் ஆயிற்று, வட்டம் குறையவில்லை. ஆறு வாரமும் ஆயிற்று. இரண்டாம் மாதம் முடிந்தபோது காதுக்குப் பின்னால் புதிதாக ஒன்று கிளம்பியிருந்தது. டாக்டரம்மா மறுபடியும் முடியைப் பிடுங்கிப் பார்த்தார். பூஞ்சை அப்படியே இருந்தது.

"மாத்திரை ஒழுங்கா தர்றீங்களாம்மா?"

"ஒரு வேளை தப்பலீங்க. சாமி சத்தியமா."

"அப்ப இந்த மாத்திரை கேக்கல. மெட்ராஸ் போயிடுங்க. அங்க எக்ஸ்ரே காட்டி முடியெல்லாம் கொட்ட வைப்பாங்க. அதோட படையும் போயிடும். அப்புறம் முடி வளந்துடும்."

"வளந்துருமுங்களா?"

டாக்டரம்மா பொய் சொல்ல மாட்டார். "பெரும்பாலும் வளந்துடும்" என்றார்.

 அந்த அம்மாள் மகளின் தலையைத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டாள். பெரும்பாலும் என்றால் என்ன என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வளராமலும் போகலாம். பெண் ஆயுசுக்கும் மொட்டைத் தலையோடு நிற்கலாம். 

மெட்ராசுக்குக் கடிதத்தோடு சேர்த்து அனுப்பச் சீட்டுகளை எடுத்து வைக்கும்படி டாக்டரம்மா சொன்னார். அலமாரியில் அந்த மாத்திரைப் பெட்டியோடு வந்த காகிதம் மடித்தபடியே கிடந்தது. இரண்டு மாதமாக அதை நான் பிரித்ததில்லை. அன்றைக்குத்தான் பிரித்துப் படித்தேன். கொழுப்புள்ள உணவோடு கொடுத்தால் மருந்து நன்றாக உடம்பில் சேரும் என்று போட்டிருந்தது. கொழுப்பில்லாமல் கொடுத்தால் பெரும்பகுதி அப்படியே வெளியே போய்விடும்.

 ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்று ரத்தத்தில் ஏறக் கூடாத மருந்து, மற்றது ஏறியே ஆக வேண்டிய மருந்து. இரண்டுக்கும் ஒரே பாட்டைப் பாடியிருக்கிறேன். மருந்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் காகிதத்தை வாங்கிப் படித்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை. "காகிதத்த நானும் படிச்சிருக்கணும். மெட்ராஸ் லெட்டர நிறுத்தி வைக்கிறேன். இன்னும் ஒரு மாசம் கொடுத்துப் பாக்கலாம். இனிமே பால், நெய்யோட தரச் சொல்லுங்க. காரணம் எல்லாம் சொல்லிக்கிட்டிருக்க வேண்டாம், ஆஸ்பத்திரி மேல நம்பிக்கை போயிடும்" என்றார்.

எனக்கும் அது வசதியாகவே இருந்தது. வெளியே வந்து, குரலை இயல்பாக வைத்துக்கொண்டு, "இன்னும் ஒரு மாசம் மாத்திரை தரலாம்னு டாக்டரம்மா சொல்றாங்க. இனிமே நெய் சோத்தோட கொடுங்க. பாலும் கொடுங்க" என்றேன்.

"அதெப்படிங்க?" அந்த அம்மாள் திகைத்துப் போனாள். "நெய் ஆகாதுன்னுதானுங்களே சொன்னீங்க? பத்தியத்த முறிச்சா சீக்கு ஏறிப்போயிருமுங்க."

"இல்ல, இப்ப கொடுக்கலாம்."

"மாட்டேனுங்க. எங்கூட்டுல ரெண்டு எருமை கறக்குது. புள்ள பாத்தா ஆசப்படுமுன்னு வெண்ணெயக் காச்சாம பக்கத்தூட்டுக்குக் குடுத்துப்போட்டேன். பொங்க நோம்பிக்கு நெய்யில்லாமத்தான் பொங்க வெச்சோம். எம்பட புள்ள அழுதுச்சு. நாங்களும் ஊட்டுல ஒருத்தரும் நெய் தொடலீங்க. அத்தன கட்டுப்பாடா இருந்துபோட்டு, கடைசீல முறிக்கச் சொல்றீங்களே!"

அவள் ஒரு சொட்டுக்கூட நெய் விட மாட்டாள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. நான் சொன்ன பொய்ப் பத்தியத்தை அவ்வளவு பத்திரமாகக் காத்திருக்கிறாள். என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டால் இந்தப் பெண்ணின் தலை போய்விடும். வேறு வழியில்லை.

"அக்கா, அந்தப் பத்தியம் இந்த மாத்திரைக்கு இல்ல. புழு மருந்துக்கு உள்ளது. நான்தான் பழக்கதோஷத்துல தப்பா சொல்லிட்டேன். நெய் இல்லாததாலதான் மாத்திரை புடிக்கல. தப்பு என்னோடது" என்றேன்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. மண்ணை வாரித் தூற்றவும் இல்லை. மகள்தான் முந்திக்கொண்டாள்.

"அப்ப எனக்குப் பொங்கல்ல நெய் ஊத்தியிருக்கலாமா?"

"ஊத்தியிருக்கலாம் கண்ணு."

அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் நேராக நினைத்துப் பார்க்க முடியாது. அம்மாள் அந்த ஒரு மாத மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். எப்போதும் "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறவள் அன்றைக்குச் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவர்கள் வரவேண்டிய நாளில் வரவில்லை.  மாத்திரையை வாய்க்காலில் எறிந்திருப்பாள், மந்திரிக்கப் போயிருப்பாள் என்றெல்லாம் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் வேறு எந்த மன்றாட்டும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அந்தத் தலையைக் காப்பாற்று என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

மாதம் முடிந்து வந்தார்கள். துணியை அவிழ்த்ததும் டாக்டரம்மா, "அடேயப்பா" என்றார். வட்டங்களுக்குள் கறுப்பாக, குத்துக் குத்தாக முடி முளைத்திருந்தது. செதில் போன இடம் தெரியவில்லை. பிடுங்கிப் பார்த்த முடியில் பூஞ்சை இல்லை. இன்னும் கொஞ்ச நாள் மாத்திரை தந்து நிறுத்தினோம். மெட்ராஸ் கடிதத்தை டாக்டரம்மா என் கண் முன்னால் கிழித்துப் போட்டார். நான் உள்ளே போய், கை கழுவுகிற பேசின் முன்னால் நின்று அழுதேன்.

அந்த வருஷக் கடைசியில் அந்த அம்மாள் தன் மூன்று வயது மகனோடு வந்தாள். நாக்குப்பூச்சி. கூடவே அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். கழுத்து வரைக்கும் முடி, இரண்டு பக்கமும் ரிப்பன். பள்ளிக்கூடம் போகிறாளாம். என்னைப் பார்த்து லேசாகச் சிரிக்கவும் செய்தாள். பையனுக்குக் கொக்கிப்புழு மருந்து இல்லை, பைபரசின் சிரப்; அதைக் கொடுத்து, அளவைச் சொல்லி, "இதுக்குப் பத்தியம் ஒண்ணும் இல்லக்கா, வழக்கம்போலச் சாப்பிடட்டும்" என்றேன். சொல்வதற்கு முன்னால் பாட்டிலோடு வந்த காகிதத்தை இரண்டு தடவை படித்திருந்தேன்.

அவள் மரியாதையாகத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு பாட்டிலை எடுத்துக்கொண்டு நேராகக் கம்பவுண்டர் ஜன்னலுக்குப் போனாள்.

"ஏனுங்க, இந்த நர்சம்மா சொன்னது சரிதானுங்களா?"

கம்பவுண்டர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பாட்டிலை வாங்கிப் பார்த்து, நான் சொன்னதையே சொன்னார். அவள் திரும்பி என் பக்கமாக வந்தாள்.

"கேட்டுக்கிட்டேன்னு ஒண்ணும் நெனச்சுக்காதீங்க, நர்சம்மா."

"கேக்கத்தான் வேணும்க்கா" என்றேன்.

"வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அந்த ஆஸ்பத்திரியில் இருந்த மட்டும், ஒவ்வொரு தடவையும் அவள் கேட்டுவிட்டுத்தான் போனாள்.