டேங்க்கைக் கழுவிய எண்ணெய்

சலவைக்கூடத்து விரிப்புகளை விடுதிகளில் கொண்டுபோய் இறக்குவது அவள் வேலை. வேன் அவளுடையது, பழசு, டீசல் வண்டி. எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்பதால் சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் ஏனக்கா. அதற்காக அவள் கோபித்துக்கொண்டதில்லை.

கணவர் தொழிற்சாலை கேன்டீனில் சமையல்காரர். பொரித்து மிஞ்சிய எண்ணெயை டின் டின்னாகத் தூக்கிக் கொடுத்துவிடுகிறோம் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஒரு டின் கொண்டாங்களேன்."

"பொரிக்கவா?"

"வண்டி ஓட்ட."

கேட்டும் படித்தும் செய்முறையைத் தெரிந்துகொண்டாள். மெத்தனாலில் காஸ்டிக் சோடாவைக் கரைத்து, சூடான எண்ணெயில் கலக்கி வைக்க வேண்டும். கறுத்த கிளிசரின் அடியில் தங்கும். எரிபொருள் மேலே தெளியும். மெத்தனால் ஆவி பொல்லாதது, சட்டென்று தீப்பிடிக்கும். அதனால் கொல்லைப்புறத்துத் திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் போட்டு, அடுப்பை அணைத்த பிறகுதான் கலந்தாள். மறுநாள் மூடியைத் திறந்தால் வாளி நிறைய சோப்புக் கூழ்.

"வண்டி ஓடாது. பாத்திரம் வேணா தேய்க்கலாம்," என்றார் கணவர்.

புது எண்ணெயில் ஒரு குவளை செய்து பார்த்தபோது சரியாக வந்ததே, இது மட்டும் ஏன்? விசாரித்ததில் விஷயம் புரிந்தது. காயக் காய எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். அதுவே பாதி சோடாவைத் தின்று சோப்பாகிவிடும். எண்ணெயில் தண்ணீர் இருந்தால் இன்னும் மோசம். அதற்குப் பிறகு ஒவ்வொரு டின்னிலிருந்தும் கொஞ்சம் எண்ணெயை ஸ்பிரிட்டில் கலந்து, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டு, சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். எத்தனையாவது சொட்டில் மஞ்சள் சிவப்பாகிறது என்பதுதான் கணக்கு. அமிலம் கூடக் கூட, சொட்டும் கூடும்; அதற்கேற்ப கலவையில் சோடாவையும் கூட்டினாள்.

"வெள்ளிக்கிழமை எண்ணெயை எத்தனை தடவை காய்ச்சினீங்க?" என்று கேட்டாள்.

கணவர் விட்டத்தைப் பார்த்தார்.

நாலாவது முறை தேன் நிறத்தில் தெளிந்து வந்தது. தண்ணீர் விட்டு அலசி, ஈரம் போகக் காயவைத்து, டீசலோடு பாதிக்குப் பாதி ஊற்றினாள். வண்டி ஓடியது. சத்தம்கூடக் கொஞ்சம் அடங்கியது போலிருந்தது. ஒன்பது நாள் தரையில் கால் பாவவில்லை அவளுக்கு. பத்தாம் நாள், மேம்பாலத்து ஏற்றத்தில், அறுபது விரிப்புகளோடு வண்டி இருமி இருமி நின்றுவிட்டது.

மெக்கானிக் டீசல் ஃபில்டரைக் கழற்றினார். உள்ளே தார் மாதிரி கறுப்புக் குழம்பு.

"வறுத்த எண்ணெயை ஊத்தினா வேற என்னம்மா வரும்?"

அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் அந்தக் கறுப்பை விரலால் தொட்டுப் பார்த்தாள். "நான் ஊத்தினது தேன் நிறமாச்சே அண்ணே. இது ஏன் கறுப்பு?"

மெக்கானிக்கின் பழைய சாமான் குவியலிலிருந்து, உள்ளே கசடு பிடித்த டீசல் குழாய் ஒன்றைக் கேட்டு வாங்கி, இரண்டாக அறுக்கச் சொன்னாள். ஒரு துண்டை டீசல் பாட்டிலில் போட்டாள். மறு துண்டைத் தன் எண்ணெயில். மூன்று நாள் கழித்து இரண்டு பாட்டிலையும் அவர் மேசையில் வைத்தாள். டீசல் அப்படியே இருந்தது. அவள் எண்ணெயோ கன்னங்கரேல்.

மெக்கானிக் அதிலிருந்த துண்டை எடுத்து உள்ளே விரலை விட்டுத் துடைத்தார். பளபளவென்று இருந்தது.

"அடேயப்பா! டேங்க்கில வருஷக்கணக்கா ஒட்டிக் கிடந்ததையெல்லாம் இது கரைச்சுக் கொண்டாந்திருக்கு."

"அப்ப தப்பு என் எண்ணெயில இல்லையே?"

"இல்லம்மா. கழுவி முடியிற வரைக்கும் ஃபில்டரை மாத்திக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான். ரப்பர் குழாய் மேல மட்டும் ஒரு கண்ணு வை, இளகிடும்."

இன்னும் இரண்டு ஃபில்டர் அடைத்தது. அதற்குப் பிறகு வண்டி மக்கர் பண்ணவில்லை. பின்னால் நின்றால் லேசாக வறுவல் வாசம் அடிக்கும். விடுதிக்காரர் மூக்கை உறிஞ்சியதோடு சரி.

குளிர் தொடங்கியபோது, கணவர் ஃப்ரிட்ஜில் பழச்சாறு என்று நினைத்து ஒரு பாட்டிலை எடுத்தார்.

"ஐயோ, குடிச்சிடாதீங்க! வண்டி எண்ணெய் குளிர்ல எப்ப கலங்குதுன்னு பாக்குறேன்."

தலையில் அடித்துக்கொண்டு பாட்டிலை வைத்துவிட்டுப் போனார். சற்று நேரத்தில் ஃப்ரிட்ஜ் கதவு மெல்லத் திறக்கும் சத்தம் கேட்டது.

"ஏய், இங்க வா," என்றார். "அடியில லேசா வெள்ளை கட்டுது. ஏன்?"